பவளக் கண்மாய்க்கு ஆதாரம்

எங்கள் ஊருக்கு மேற்கே பவளக் கண்மாய் வந்து சேர்ந்தது ஒரு புதன்கிழமை விடியலில், அதை நான் எழுதிப் பதினான்கு மாதம் கழித்து. ஆடு பத்திக்கொண்டு போனவர்கள் தண்ணீரைப் பார்த்து நின்றார்கள், ஆடுகளும் நின்றன, பிறகு ஆடுகள் இறங்கிக் குடித்தன. எழுபது ஏக்கர் தண்ணீர், கிழக்கே உயர்ந்த மண்கரை, கரை நெடுக முதிர்ந்த நாட்டுக் கருவேல மரங்கள், வடகோடியில் கல்லால் கட்டிய மடை, மடைத்தூணில் பச்சைப் பாசி. ஒரே இரவில் வந்த கண்மாய்க்கு இத்தனை வருடப் பாசி எப்படிப் பிடித்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, ஏனென்றால் எனக்குப் பதில் தெரியும். மிகப் பழமையான கண்மாய் என்று எழுதியிருந்தேன்.

நான் கள்ளிச்செவல் கிளை நூலகத்தின் நூலகர். பெயர் ஞானசௌந்தரி, அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் ஊருக்கு நான் டீச்சர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். சென்ற ஐப்பசியில் நான் அச்சிட்ட நான்கு பக்கச் சிறுநூலைப் படித்தவர்கள் ஊரில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். அதில் உள்ளதெல்லாம் உண்மை, ஒரு சொல்லைத் தவிர. ஆனால் உள்ள உண்மையெல்லாம் அதில் இல்லை. ஆகவே இப்போது முழுக்க எழுதுகிறேன்.

நூலகத்துக்கு ஆள் வருவது நின்றுபோயிருந்த காலம் அது. பேப்பர் படிக்க வந்துகொண்டிருந்தவர்களும் வீட்டிலிருந்தே போனில் படித்துக்கொண்டார்கள். நூலகங்கள் காலத்துக்கேற்ப மாற வேண்டும் என்று மாவட்டத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது, சுற்றறிக்கைக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் வந்தது, கம்ப்யூட்டருக்குப் பின்னால் இணையம் வந்தது, இணையத்துக்குப் பின்னால் இன்னொரு சுற்றறிக்கை வந்தது, வாரம் ஒருநாள் மக்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டும், வலையில் எது மெய் எது பொய் என்று பிரித்துப் பார்க்கப் பழக்க வேண்டும் என்று. நான் பழக்கினேன். சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வந்தவர்களை, ஹால் டிக்கெட் எடுக்க வந்தவர்களை, ஆஸ்பத்திரி டோக்கன் போட வந்தவர்களை எல்லாம் பிடித்து உட்கார வைத்தேன். கரும்பலகையில் மூன்று கேள்விகளை அழியாமல் எழுதி வைத்தேன். யார் சொன்னது? எப்போது சொன்னது? வேறு யார் பார்த்தது? பெஞ்சுகள் மறுபடி நிறைந்தன, எனக்குத் தலைகால் புரியவில்லை, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் திமிரும் வந்துவிட்டது.

அப்படி ஒரு சித்திரை மாதச் சனிக்கிழமை, பதினொரு பேர் வகுப்பில் இருக்கும்போது, தையல் மிஷின் வைத்திருக்கும் மரகதம் சொன்னாள்.

"நெட்ல போட்டுருந்தா சரியாத்தான் இருக்கும் டீச்சர். சும்மாவா போடுவாங்க?"

"யார் வேணும்னாலும் என்ன வேணும்னாலும் போடலாம் மரகதம். இப்பப் பாரு."

ஊர்க்களஞ்சியம் என்று ஒரு தளம் உண்டு. எந்த ஊரைப் பற்றியும் யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். கள்ளிச்செவல் பக்கத்தில் இரண்டே வரிகள் இருந்தன, ஒன்று மாவட்டம், ஒன்று அஞ்சல் எண். நான் வாசகி62 என்ற பெயரில் உள்ளே போய், ஊரில் இல்லாத ஒன்றை எழுதிக் காட்டுகிறேன், இல்லாதது என்ன சொல்லுங்கள் என்றேன். எங்கள் ஊரில் இல்லாததைக் கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில்தான் வரும், தண்ணீர் என்றார்கள். சரி, ஒரு கண்மாய், எந்தப் பக்கம் வைக்கலாம் என்றேன்.

"எங்க வீட்டுப் பக்கம் வைங்க டீச்சர்," என்றாள் கடைசி பெஞ்சிலிருந்து இருளாயி. "நாந்தான் குடத்தத் தூக்கிக்கிட்டு இம்புட்டுத் தூரம் நடக்கேன். எறங்குனா தண்ணி இருக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். மேற்குப் பொட்டலில் இருந்தது அவளுடைய ஒற்றை வீடு மட்டும்தான். சீமைக்கருவேல முள்ளை வெட்டிக் கரிமூட்டம் போட்டு விற்கிறவள், வயது ஐம்பத்திரண்டு, புருஷன் சடையாண்டி இறந்து ஆறு வருடம். வீட்டுக்குப் பின்னால் அவன் வைத்த முருங்கைக்குக் கீழேதான் அவனைப் புதைத்திருந்தாள். எங்கள் நூலகத்தில் துப்பறியும் நாவல் மட்டும் எடுப்பாள், கடைசிப் பக்கத்தை முதலில் படித்து யார் கொலைகாரன் என்று தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகுதான் நிம்மதியாக முதலிலிருந்து படிப்பாள்.

ஊருக்கு மேற்கே எழுபது ஏக்கர் பரப்பில் மிகப் பழமையான கண்மாய் ஒன்று உள்ளது, கடும் கோடையிலும் வற்றாது என்று அடித்தேன். பெயர் இல்லாமல் யார் நம்புவார்கள் என்று மரகதம் கேட்டதால் பவளக் கண்மாய் என்று பெயரும் வைத்தேன். சேமித்தேன். திரையில் வந்தது. பார்த்தீர்களா, இப்படித்தான் பொய் ஏறுகிறது, இப்போது இதை எடுத்துவிடுவோம் என்று கையை வைத்தபோது கரண்ட் போனது. யு.பி.எஸ். பேட்டரி செத்து மூன்று வருடம். வெக்கையில் யாரும் உட்கார முடியாமல் கிளம்பிவிட்டார்கள், நானும் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

சிறுநூலில் இதுவரை எழுதியிருந்தேன், மறந்துபோனேன் என்று எழுதியிருந்தேன். நான் மறந்தது மூன்று நாள்தான். செவ்வாய்க்கிழமை நினைவு வந்து பக்கத்தைத் திறந்தேன். எங்கள் ஊர்ப் பெயருக்குக் கீழே கண்மாய் என்ற சொல் இருந்தது. சிறுவயதில் விடியலில் எழுந்து இரண்டு மைல் நடந்து ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் அள்ளி நிரப்பிய குடங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன, அழிக்க வைத்த கையை எடுத்துவிட்டேன். யாருக்கு என்ன நஷ்டம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். மறந்தது பிழை என்றால் மன்னித்துவிடலாம், நான் பார்த்தும் விட்டுவைத்தேன்.

அந்த ஒரு வரி தானாக நடந்தது. ஒரு பத்திரிகையின் இணைப்பிதழ் நம் மாவட்டத்துக் கண்மாய்கள் என்று கட்டுரை போட்டபோது ஊர்க்களஞ்சியத்திலிருந்து அதை எடுத்துக்கொண்டது. சுற்றுலாத் துண்டுப்பிரசுரம் இணைப்பிதழிலிருந்து எடுத்துக்கொண்டது. யாரோ ஒரு பேராசிரியர் துண்டுப்பிரசுரத்திலிருந்து எடுத்துத் தன் நூலில் சேர்த்தார். ஓர் அலுவலகம் பேராசிரியரின் நூலிலிருந்து எடுத்துத் தன் நீர்நிலைப் பட்டியலில் எண்பத்து மூன்றாவதாகப் போட்டது. அந்தப் பட்டியல் ஆனி மாதம் அச்சாகி வந்தது, மறுநாள் புதன்கிழமை, கண்மாய் வந்துவிட்டது.

முதல் வாரம் ஊர் கரையிலேயே கிடந்தது. குளித்தார்கள், குதித்தார்கள், மாட்டைக் கழுவினார்கள், கண்மாய்க்கு ஒரு காவல் சாமி வேண்டும் என்று கரையில் கல் நட்டு மஞ்சள் பூசினார்கள். அந்த வாரம் முழுதும் இது நேற்று இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இரண்டாவது வாரம் முன்பு சின்னதாகக் கிடந்தது, இந்த வருடம்தான் பெருகியது என்றார்கள். மூன்றாவது வாரம் ஓய்வுபெற்ற தலையாரி அழகுமலை, தான் பத்து வயதில் இதே மடையிலிருந்து குதித்துத் தாடையை உடைத்துக்கொண்டதைச் சொன்னார், தாடையில் தழும்பையும் காட்டினார். அந்தத் தழும்பு ஆட்டுக்கிடாய் முட்டியது என்று அவர் மனைவிக்குத் தெரியும், அவளும் தலையாட்டினாள். நான்காவது வாரம் மீன்குஞ்சு விட்டார்கள், ஐந்தாவது வாரம் கடைமடைக்காரனுக்கும் தலைமடைக்காரனுக்கும் பரம்பரைச் சண்டை தொடங்கிவிட்டது. அரும்பாடுபட்டு நம்பவில்லை, யாரையும் யாரும் மிரட்டவும் இல்லை, தண்ணீர் இனித்தது, அவ்வளவுதான்.

வகுப்பில் இருந்த பதினொரு பேரில் பத்துப் பேர் ஊரில்தான் இருந்தார்கள். மரகதத்திடம் ஒருநாள் மெல்லக் கேட்டேன், அன்றைக்கு நாம் எழுதியது நினைவிருக்கிறதா என்று.

"இருந்த கம்மாயப் பத்தி எழுதுனீங்க. நல்லாத்தான டீச்சர் எழுதுனீங்க," என்றாள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

பதினோராவது ஆள் இருளாயி. கண்மாய் வருவதற்கு நான்கு நாள் முன்னால் மகள் பிரசவத்துக்காகத் திருப்பூர் போயிருந்தாள். அவள் வீடு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அவளுக்கு ஒரு போன் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. மகளுடைய நம்பரை அவள் போகுமுன் தன் பழைய உறுப்பினர் விண்ணப்பத்தின் ஓரத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள், அது என் மேஜைக்குள் இருந்தது, மேஜையைத் திறந்து திறந்து மூடினேன். எழுதியது நான், ஆனால் இடத்தைக் காட்டியது அவள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். தொண்ணூறு நாள் அந்த ஒரு வாக்கியத்தைத் தலைக்கு வைத்துத்தான் தூங்கினேன்.

ஆவணிக் கடைசியில் அவள் திரும்பி வந்தாள். ஒரு கையில் பை, ஒரு கையில் பேத்தி உதைத்து விளையாடிய பழைய சேலை, மகள் வீட்டு வாசனை போகும்வரை துவைக்க மாட்டேன் என்று கொண்டு வந்தாளாம். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக மேற்கே நடந்து, கரையேறி, தண்ணீரைப் பார்த்து, அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள். அரைமணி நேரம் கழித்து ஊருக்குள் வந்து, "என் வீடு எங்க?" என்று கேட்டாள்.

அவளிடம் எல்லாரும் அன்பாகத்தான் பேசினார்கள். அழகுமலை டீ வாங்கிக் கொடுத்து, பிள்ளைப்பேறு பார்த்த அலுப்பு, நாலு நாள் தூங்கு என்றார். அவள் ரேஷன் கார்டைக் காட்டினாள், கதவு எண் ஒன்று, மேற்குப் பொட்டல் என்று இருந்தது. தாலுகாவில் பட்டியலைப் பார்த்துவிட்டு, அங்கே பொட்டலே கிடையாது, கண்மாய்தான் இருக்கிறது என்றார்கள். கண்மாய்க்குள் வீடு கட்டியிருந்தால் அது நீர்நிலை ஆக்கிரமிப்பு, கட்டவில்லை என்றால் இந்தக் கார்டு போலி, இரண்டில் எது என்று நீயே எழுதிக் கொடு என்றார்கள். ஊராட்சித் தலைவர் சீனிராசு கொஞ்சம் இரக்கமானவர், எழுதிக் கொடுக்காதே, ரெண்டும் தப்பு என்று அழைத்து வந்துவிட்டார்.

போக இடமில்லாமல் நூலக வராந்தாவுக்கு வந்தாள். பகலில் பெஞ்சில் உட்கார்ந்து படிப்பாள், பூட்டியதும் வராந்தாவில் படுத்துக்கொள்வாள். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் இல்லாததப் பேசுறேன்னு ஊரே சொல்லுது டீச்சர். நீங்களும் அப்படித்தான் நெனைக்கீங்களா?"

"தெரியலையேக்கா," என்றேன்.

தெரிந்துகொண்டேதான் அப்படிச் சொன்னேன்.

ஒன்பதாவது நாள் காலை பதினோரு மணிக்கு, அவள் கரைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஊர்க்களஞ்சியத்தைத் திறந்து என் வரியை அழித்தேன். கண்மாய் போய்விட்டது. இடுப்பளவுத் தண்ணீரில் துணி அலசிக்கொண்டிருந்த மரகதம் வெடித்த பொட்டலில் சோப்பு நுரையோடு நின்றாள், கெண்டைகள் மண்ணில் துள்ளின, பரிசல் ஒன்று முள்ளுக்குள் சாய்ந்து கிடந்தது. ஆறே நிமிடம். எங்கேயோ ஒரு ஊரில், என்னைப் போலவே பொய்யைப் பிடிக்கிற ஒரு நல்ல மனிதர், ஆதாரமின்றி நீக்கப்பட்டதை மீட்டுவிட்டதாக எனக்குச் செய்தி அனுப்பினார். கூடவே நான்கு ஆதாரங்களையும் வரிசையாகப் போட்டிருந்தார், இணைப்பிதழ், துண்டுப்பிரசுரம், பேராசிரியர் நூல், அரசுப் பட்டியல். நான்கும் என் வயிற்றில் பிறந்தவை. வாசகி62 விஷமம் செய்வதால் ஒரு வாரம் தடை என்று எழுதி, தகவல்களைச் சரிபார்க்கப் பழகுங்கள் என்று எனக்கே அறிவுரையும் சொல்லியிருந்தார்.

தண்ணீர் யாரையும் தள்ளாமல் கணுக்காலிலிருந்து ஏறி, பழைய அளவுக்கு வந்து நின்றது. சற்று நேரத்தில் இருளாயி இடுப்புவரை நனைந்த சேலையோடு நூலகத்துக்குள் வந்தாள்.

"பாத்தேன் டீச்சர். வீடு அப்படியே இருக்கு. நாம்போட்ட பூட்டுக்கூட அப்படியே தொங்குது. முருங்க பூத்துருக்கு. கிட்டப் போறதுக்குள்ள தண்ணி வந்து மூடிருச்சு."

அவள் அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தாள். தனக்குப் புத்தி பிசகவில்லை என்ற சந்தோஷம். அதைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், கரண்ட் போனது, செவ்வாய்க்கிழமை பார்த்தது, விட்டது, போன் போடாதது, தெரியலையேக்கா என்று சொன்னது. கடைசியில், அழித்தாலும் திரும்ப வந்துவிடுகிறது, அச்சில் வந்த ஆதாரம் கேட்கிறார்கள், உன் வீட்டுக்கு ஆதாரம் இல்லை அக்கா என்றேன். அவள் கரும்பலகையில் இருந்த மூன்று கேள்விகளையும் படித்தாள்.

"எடத்தக் காட்டுனது நாந்தான," என்றாள்.

நான் தலைக்கு வைத்துத் தூங்கிய அதே வாக்கியம். அதை அவள் வாயிலிருந்து கேட்டபோது எனக்கு உட்காரக்கூட இடமில்லாமல் போயிற்று.

அன்று மாலை நூலகத்துக்குள் ஊர் நுழைந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அத்தனை கூட்டம் அங்கே வந்ததில்லை. மரகதம் தலையில் இன்னும் சோப்பு இருந்தது, அழித்தது நான்தான் என்று அவள்தான் சொல்லியிருக்க வேண்டும். யாரும் கத்தவில்லை, கும்பிட்டார்கள், அதுதான் கஷ்டமாக இருந்தது.

"கம்ப்யூட்டர்ல கை வைக்காதீங்க டீச்சர்," என்றார் சீனிராசு. "நாத்து விட்டாச்சு. நம்ம ஊர்ப் பொம்பளைங்க கொடத்த எறக்கி வச்சு மூணு மாசந்தான் ஆகுது."

"அங்க இருளாயிக்கா வீடு இருந்துச்சு தலைவரே. உங்க எல்லாருக்கும் தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சு அங்க எந்த வீடும் இல்ல."

நான் மேஜையைத் திறந்து அவளுடைய உறுப்பினர் விண்ணப்பத்தை எடுத்தேன். பதினாறு வருடத்துக்கு முந்தையது, ஓரம் பழுத்திருந்தது. பெயர் ச. இருளாயி, முகவரி தனி வீடு, மேற்குப் பொட்டல், கள்ளிச்செவல். எங்கள் நூலகத்தில் சேர ஒருவர் பிணைக் கையெழுத்துப் போட வேண்டும், மேற்படி முகவரியில் வசிப்பவரை நான் நேரில் அறிவேன் என்று. கீழே பச்சை மையில் சீனிராசுவின் கையெழுத்து இருந்தது, அப்போதும் அவர்தான் தலைவர். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். தன் கையெழுத்து இல்லை என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

"கையெழுத்து என்னதுதான்," என்றார். "படிச்சுப் பாக்காமப் போட்டுருப்பேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. படித்துப் பார்க்காமல் போட்டவர் அவர், படித்துப் பார்த்தும் விட்டவள் நான்.

அப்போது இருளாயி பெஞ்சிலிருந்து எழுந்தாள். கூட்டம் வழி விட்டது.

"தண்ணியப் போகச் சொல்லல தலைவரே. கெடக்கட்டும். ஆடு மாடு குடிக்குது, நானுந்தான் குடிக்கேன். எனக்கு அங்க ஒரு வீடு இருந்துச்சு, இருளாயி பொய் சொல்றவ இல்லன்னு இருந்தாப் போதும்."

ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிக்கொண்டு போனார்கள். மரகதம் மட்டும் வாசலில் நின்று இருளாயியைத் திரும்பிப் பார்த்தாள், முருங்கைக்கீரை பறிக்க அந்த வீட்டுக்கு வாரம் தவறாமல் போனவள் அவள்.

ஐப்பசியில் பக்கத்து டவுன் அச்சகத்தில் நான்கு பக்கம் அடித்தேன். பிழையை நான் செய்த விதம், நான்கு ஆதாரங்களும் அந்தப் பிழையிலிருந்து பிறந்த விதம், கடைசிப் பக்கத்தில் பச்சைக் கையெழுத்தோடு விண்ணப்பத்தின் படம். முறைப்படி சேர்க்கைப் பதிவேட்டில் எண் போட்டு, முத்திரை குத்தி, அலமாரியில் வைத்தேன். மாவட்டத்துக்கு ஒரு பிரதி அனுப்பினேன், வேலை போகும் என்று தெரிந்தேதான் அனுப்பினேன், இன்றுவரை அதை யாரும் பிரிக்கவில்லை என்று நினைக்கிறேன். பிறகு ஊர்க்களஞ்சியத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். கண்மாயின் நடுவே உள்ள மேட்டில் ச. இருளாயியின் வீடு உள்ளது. அடியில் ஆதாரமாகச் சிறுநூலின் பெயரும் எண்ணும்.

மேடு என்பது பொய். அங்கே மேடு கிடையாது, தரை தட்டையாகத்தான் இருந்தது. ஆனால் கண்மாயைப் போகச் சொல்லாமல் வீட்டை மட்டும் எங்கே வைப்பது? ஒரு தடவை பொய்யை ஊற்றிவிட்டால் பிறகு உண்மையை நிற்க வைக்கவும் அடியில் கொஞ்சம் பொய்யைக் கொட்ட வேண்டியிருக்கிறது. அந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு ஆறு நிமிடம் காத்திருந்தேன், அறுபது நிமிடம் காத்திருந்தேன். யாரும் மாற்றவில்லை.

காலையில் தண்ணீருக்கு நடுவே மேடு இருந்தது. மேட்டில் வீடு, கதவில் பூட்டு, பின்னால் பூத்த முருங்கை, முருங்கைக்குக் கீழே சடையாண்டியின் தலைமாட்டுக் கல். இருளாயியைச் சீனிராசுவே பரிசலில் ஏற்றிக்கொண்டு போனார். அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தாள், உள்ளே அடுப்புச் சாம்பல்கூட நனையவில்லை.

ஊர் இதையும் வாங்கிக்கொண்டது, முன்னைவிடச் சீக்கிரமாக. ஒரே வாரத்தில் அது தீவு வீடு ஆயிற்று. அழகுமலை சிறுவயதில் மடையிலிருந்து நீந்தி அந்த மேட்டில் போய்த்தான் மூச்சு வாங்குவாராம். முள் வெட்டப் போக வர அவளுக்குத் தனியாக ஒரு பரிசல் கொடுத்தார்கள். அவளைப் பொய்க்காரி என்று யாரும் எப்போதும் சொன்னதே இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், கொஞ்சம் வரவும் செய்தது. அதனால்தான் சிறுநூல் போதும் என்று விட்டிருந்தேன்.

மார்கழியில் ஒரு சாயங்காலம், நூலகத்தில் வேறு யாரும் இல்லாத நேரம், இருளாயி பரிசலைக் கரையில் கட்டிவிட்டு வந்தாள். திருப்பூர் போகுமுன் எடுத்துப்போன துப்பறியும் நாவலைத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு பக்கம்கூட நனைந்திருக்கவில்லை. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டாள், என்னிடம். புத்தகத்தைப் பிரித்தேன், நடுவில் அடையாளத்துக்கு ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருந்தது. சடையாண்டி, கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை, போட்டோ எடுக்கிறவனை நம்பாத பார்வை. திருப்பிக் கொடுக்க நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"டீச்சர், நீங்க எழுதுனா வருதுல்ல."

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி இருந்தேன்.

"ஒரு வரிதான். அந்த வீட்டுல இருளாயியும் அவ வீட்டுக்காரர் சடையாண்டியும் இருக்காகன்னு. அவருக்கும் ரேஷன் கார்டு இருக்கு. போட்டோ இருக்கு. ஆதாரத்துக்கு ஆகாதா?"

கம்ப்யூட்டர் திறந்துதான் இருந்தது. கரண்ட் இருந்தது, புது பேட்டரியும் வந்திருந்தது. இல்லாத கண்மாயை விளையாட்டுக்கு எழுதியவள் நான். இல்லாத மேட்டைத் தெரிந்தே எழுதியவள் நான். என் வசதிக்கு இரண்டு பொய், இவளுக்கு ஒன்று எழுதினால் என்ன என்று ஒரு குரல். அவன் எந்த வயதில் வருவான், எந்த மூச்சோடு வருவான், மூன்றாவது வாரத்தில் ஊர் அவனைப் பற்றி எதை நினைவுபடுத்திக்கொள்ளும், யாரோ ஒரு நல்லவர் ஆறு நிமிடத்தில் அந்த வரியை அழித்தால் இவள் இன்னொரு தடவை என்ன ஆவாள் என்று இன்னொரு குரல். இரண்டும் என் குரல்தான்.

"முடியாதுக்கா," என்றேன்.

ஏன் என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் வகுப்பில் சொல்வதைப் போல நிறையச் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை. போட்டோவை என் கையிலிருந்து எடுத்து முந்தானையில் துடைத்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சரி டீச்சர். வேற பொஸ்தகம் ஒண்ணு குடுங்க."

கொடுத்தேன். கடைசிப் பக்கத்தை நின்றபடியே படித்துவிட்டு, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

எழுதியதற்காக நான் பட்ட குற்றவுணர்ச்சிக்கு ஒரு சிறுநூல் போதுமாக இருந்தது. எழுத மறுத்ததற்கு எது போதும் என்று தெரியவில்லை. சரியானதைத்தான் செய்தேன் என்று படித்தவர்கள் சொல்லுவார்கள், நானும் சொல்லுவேன், ஆனால் அதை அவளிடம் சொல்லும் தகுதியை நான் ஒரு செவ்வாய்க்கிழமை இழந்துவிட்டேன். வேறு யாராவது மறுத்திருக்கலாம். நான் மறுத்ததுதான் அநியாயம்.

இந்தப் புத்தகத்துக்கும் சேர்க்கைப் பதிவேட்டில் எண் போட்டு, மேற்கு ஜன்னலை ஒட்டிய அலமாரியில் வைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். சாயங்காலம் நூலகம் பூட்டும் நேரத்துக்கு வந்தால் அந்த ஜன்னலிலிருந்து கண்மாய்க்கு நடுவே வீடு தெரியும். இருளாயி முற்றத்தில் சோறு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். எதிரே ஒரு தட்டு கவிழ்த்து வைத்திருக்கும்.